விலைப்பட்டியலில் இல்லாத விலை: எங்கள் வீட்டின் நான்கு சிறிய கார்கள்

1996 முதல் இன்று வரை எங்கள் வீட்டு வாசலில் நான்கு கார்கள் நின்றிருக்கின்றன. தஞ்சாவூரில் அஞ்சல் துறையில் பணியாற்றிய என் அப்பா, 1991-ஆம் ஆண்டு பதிவு செய்யப்பட்ட மாருதி 800 ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினார். 2006-இல் சென்னையில் நான் ஆல்டோ வாங்கினேன். 2016-இல் அதைக் கொடுத்துவிட்டு ஆட்டோ கியர் வசதி கொண்ட ஆல்டோ கே10 வாங்கினேன். 2025 அக்டோபரில், கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்த என் மகளுக்காகப் புதிய தலைமுறை கே10 வந்தது. நான்கும் ஒரே வம்சத்தைச் சேர்ந்தவை. ஒவ்வொரு முறையும் அந்தந்தக் காலத்தில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்த கார்களுள் ஒன்றைத்தான் நாங்கள் வாங்கினோம்.

இந்த ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் எனக்குப் புரிந்தது இது: விலை குறைந்த காரில் மிச்சப்படுத்தப்பட்ட தொகை மறைந்துபோவதில்லை, அது வேறு யாருடைய கணக்கிலோ ஏறுகிறது. தொடக்கத்தில் அது ஓட்டுபவரின் உழைப்பில் ஏறியது. ஊரார் சுவாசிக்கும் காற்றிலும் ஏறியது. நெடுங்காலம் உள்ளே அமர்ந்திருப்பவர்களின் உடலின் மீது ஏறியிருந்தது. ஒவ்வொரு தலைமுறையிலும் அதில் ஒரு பகுதி காரின் விலைக்குள் திரும்ப வந்து சேர்ந்தது. சிறிய கார் வாங்க நினைப்பவர்கள், அதிலும் பழைய காரைத் தேடுபவர்கள், எந்தத் தலைமுறை எதை வெளியே விட்டிருந்தது என்பதை அறிந்து வாங்கினால் நான் செய்த பிழைகளில் சிலவற்றையாவது தவிர்க்கலாம்.

அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் மட்டுமே சாலையை ஆண்ட காலத்தில், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஆங்காங்கே ஓடிக்கொண்டிருந்த காலத்தில், மாருதி உத்யோக் நிறுவனம் 1981-இல் தொடங்கப்பட்டு, 1982-இல் சுசுகியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. 1983 டிசம்பர் 14 அன்று முதல் காரின் சாவியை இந்திரா காந்தி வழங்கினார். அப்போது அதன் விலை சுமார் 50,000 ரூபாய். 796 சிசி இயந்திரம், மூன்று சிலிண்டர், நான்கு கியர். அந்தக் காரின் சிறிய உருவம் நம் தெருக்களை அளந்து வரையப்பட்டது என்று அப்பா நெடுநாள் நம்பியிருந்தார். உண்மையில் அந்த உருவத்தை முடிவு செய்தது ஜப்பானியச் சட்டம். அங்கே கெய் வகைச் சிறு கார்களுக்கு 3.2 மீட்டர் நீளம், 1.4 மீட்டர் அகலம் என்ற வரம்பு அப்போது இருந்தது. அந்த வரம்புக்குள் பிறந்த உடலைத்தான் பெரிய இயந்திரத்தோடும் சற்று நீண்ட பம்பர்களோடும் நாம் பெற்றோம். 1986-இல் உருவம் மாறியது. அப்பா வாங்கியது அந்த இரண்டாவது உருவம்: 3,335 மில்லிமீட்டர் நீளம், 37 குதிரைத்திறன், சுமார் 650 கிலோ எடை.

அந்த எடையைப் பற்றி ஒரு நினைவு உண்டு. கும்பகோணம் சாலையில் எதிரே வந்த பேருந்துக்கு ஒதுங்கியபோது எங்கள் காரின் இடப்பக்கச் சக்கரங்கள் இரண்டும் வாய்க்கால் சரிவில் இறங்கிவிட்டன. வயலில் வேலை செய்துகொண்டிருந்த ஆறு பேர் வந்து, வண்டியைக் கையாலேயே தூக்கிச் சாலையில் வைத்துவிட்டுப் போனார்கள். அன்று அது எங்களுக்குப் பெரிய வசதியாகத் தோன்றியது. அவ்வளவு மெல்லிய தகட்டுக்குள் நாங்கள் நால்வர் அமர்ந்திருந்தோம் என்ற எண்ணம் எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே வந்தது.

800-ஐ வைத்திருந்தவர்களுக்கு அது தினமும் ஒரு சிறு கடமையைக் கொடுத்தது. காலையில், பெட்ரோல் கலவையைக் கெட்டியாக்கும் சோக் பிடியை இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். இயந்திரம் சூடேறியதும் அதை மறக்காமல் உள்ளே தள்ள வேண்டும். மறந்தால் பெட்ரோல் வீணாவதோடு பிளக் கரியேறி, மறுநாள் வண்டி கிளம்பாது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்த தொடுமுனையான பாயிண்ட் தேய்ந்தால் இழுவை குறையும். வால்வுகளை இயக்கும் பகுதியின் இடைவெளி, அதாவது டேப்பட் இடைவெளி, கூடினால் தையல் இயந்திரம் போலச் சத்தம் கேட்கும். டாங்கில் சேர்ந்த தூசி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரின் நுண்துளையான ஜெட்டை அடைத்தால் வண்டி நடுவழியில் திக்கித் திணறும். அப்பா இதற்காகவே ஒரு நீளக் கணக்கு நோட்டை வாங்கி, ஐந்து பத்திகளாகக் கோடு போட்டு வைத்திருந்தார்: தேதி, கிலோமீட்டர், பெட்ரோல், பாயிண்ட் – டேப்பட், குறிப்பு. டாங்கை வாய்வரை நிரப்பி, அடுத்த முறை நிரப்பும்போது ஆன லிட்டரைக் கொண்டு ஓடிய தூரத்தை வகுத்துப் பார்ப்பது அவர் வழக்கம். ஊருக்குள் லிட்டருக்கு 14, வெளியூரில் 18 என்ற கணக்கு திடீரென இரண்டு குறைந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டி பட்டறையில் நிற்கும். மைலேஜ் என்பது பெருமைக்காகச் சொல்லும் எண் மட்டுமல்ல, வண்டியின் உடல்நிலையைக் காட்டும் நாடித்துடிப்பும் அதுதான் என்பதை நான் அந்த நோட்டிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். இன்றைய கார்கள் திரையில் காட்டும் சராசரி எண்ணை நான் முழுதாக நம்புவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது நிரப்பி வகுத்துப் பார்ப்பது நல்லது.

1998 மே மாதம் கொடைக்கானலுக்குப் போனோம். வத்தலகுண்டைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியபோது வண்டியை நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு வயது இருபத்திரண்டு. உள்ளே நால்வர், டிக்கி நிறையப் பெட்டிகள். உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. கார்புரேட்டர் அதை உணர்ந்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளாது. கலவையில் பெட்ரோல் மிகுந்து இழுவை குறையும். நாம் ஆக்சிலரேட்டரை மேலும் மிதிப்போம். ரேடியேட்டரின் துணைக் குப்பியில் தண்ணீர் இருக்கிறதா என்று புறப்படும் முன் நான் பார்த்திருக்கவில்லை. வெப்ப முள் சிவப்பைத் தொட்டது தெரிந்தும், நிறுத்த நல்ல இடம் வரட்டும் என்று இரண்டு கொண்டை ஊசி வளைவுகள் ஓட்டினேன். மூன்றாவது வளைவில் பின்னால் வெண்புகை எழுந்தது. இயந்திரத்தின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் போய், அலுமினிய ஹெட் வளைந்திருந்தது. வண்டியைக் கட்டி இழுத்து இறக்கி, ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சமன் செய்து பூட்ட நான்கு நாள் ஆயிற்று. விடுமுறைக்கென்று ஒதுக்கிய பணம் முழுவதும் அதில் போனது.

தஞ்சாவூர் திரும்பியதும், எங்கள் வண்டியை வழக்கமாகப் பார்க்கும் பட்டறைக்கார பாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அமைதியாகச் சொன்னார்: "தம்பி, முள்ளு சிவப்பத் தொட்டா வண்டிய அங்கேயே நிறுத்தணும். இன்னும் ஒரு வளைவுதானேன்னு ஓட்டுனீங்க பாருங்க, அந்த ஒரு வளைவுக்குத்தான் இவ்வளவு காசும்." அதன்பின் எந்த வண்டியிலும் நான் அதை மீறியதில்லை. முள் ஏறத் தொடங்கினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுதாகத் திறந்தால் இயந்திரத்தின் சூட்டில் ஒரு பகுதி வண்டிக்குள் வந்துவிடும்; அதற்கும் அடங்காவிட்டால் நிறுத்தி, பானெட்டைத் திறந்து வைத்து, முழுதாக ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாமல் காத்திருக்க வேண்டும். வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே துருவும் உப்பும் படியும். கூலன்ட் கலந்ததையே ஊற்ற வேண்டும். புதிய கார்களில் சிலவற்றில் வெப்ப முள்ளே கிடையாது, ஒரு விளக்கு மட்டும்தான் எரியும் என்பதால், சிவப்பு விளக்கைக் கண்டவுடன் நிறுத்துவது முன்னைவிட அவசியமாகிவிட்டது.

எங்கள் 800 வெளியே விட்ட இன்னொரு செலவை நாங்கள் அப்போது உணரவே இல்லை. 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் மட்டும், புதிய பெட்ரோல் கார்களுக்குப் புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றியும் ஈயம் கலக்காத பெட்ரோலும் கட்டாயமாயின. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில்தான் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு ஈயம். எங்கள் கார் அந்தப் புகையை விட்டபடி பள்ளிக்கூட வாசல்களைக் கடந்து போய்க்கொண்டிருந்தது என்பதை இன்று நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. அந்தச் செலவு எந்தப் பட்டறை ரசீதிலும் வரவில்லை.

1998-இல் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாரான சான்ட்ரோ வந்தது. மாடிஸும் இண்டிகாவும் அதே காலத்தில் வந்தன. அதுவரை போட்டியில்லாமல் இருந்த 800-க்கு அடுத்த தலைமுறை தேவைப்பட்டது. 2000 செப்டம்பரில் ஆல்டோ அறிமுகமாயிற்று. அதே 796 சிசி, அதே மூன்று சிலிண்டர். ஆனால் சிலிண்டருக்கு நான்கு வால்வு, எம்பிஎஃப்ஐ முறையில் பெட்ரோல் செலுத்தல், ஐந்து கியர், சுமார் 47 குதிரைத்திறன். கார்புரேட்டரின் இடத்தில் உணரிகளும், அவை சொல்வதைக் கேட்டுப் பெட்ரோலை அளந்து கொடுக்கும் சிறு கணினியும் வந்தன. சோக் என்ற சொல்லே எங்கள் வீட்டில் வழக்கொழிந்தது. 2008-இல் அதே கொடைக்கானல் மலையை ஆல்டோவில் ஏறியபோது, மேலே காற்றழுத்தம் குறைவதற்கேற்பப் பெட்ரோலும் குறைந்ததால், அந்த மூச்சுத்திணறல் இல்லாமலே போய்ச் சேர்ந்தோம்.

அளவில் நேர்ந்த மாற்றத்தை நான் டேப் வைத்தே அளந்து பார்த்தேன். ஆல்டோவின் நீளம் 3,495 மில்லிமீட்டர். 800-ஐ விட 160 மட்டுமே கூடுதல். ஆனால் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம் 2,175-இலிருந்து 2,360-ஆக, அதாவது 185 மில்லிமீட்டர் கூடியது. சக்கரங்கள் மூலைகளுக்குத் தள்ளப்பட்டதால், கூடிய நீளத்தைக் காட்டிலும் கூடுதலான இடம் உள்ளே கிடைத்தது. மேடு பள்ளங்களில் முன்னும் பின்னும் ஆடும் ஆட்டமும் குறைந்தது. சிறிய கார்களை ஒப்பிடுபவர்கள் மொத்த நீளத்தைவிட இந்தச் சக்கர இடைவெளியைப் பார்க்க வேண்டும் என்று நான் எல்லாரிடமும் சொல்லுவேன்.

நாங்கள் 800-ஐ விற்றதற்குக் காரணம் அதன் பதினைந்து ஆண்டுப் பதிவு முடிந்ததுதான். பதிவைப் புதுப்பிக்க வண்டியை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காட்டித் தகுதிச் சான்று பெற வேண்டும். அதற்கான டிங்கரிங், பெயின்ட் செலவு வண்டியின் மதிப்பை நெருங்கியது. வாங்கியவரிடம் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அவர் பெயர் மாற்றிக்கொள்வார் என்று நம்பி இருந்துவிட்டோம். அவர் மாற்றவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, வேறொரு மாவட்டத்தில் நடந்த ஒரு விபத்து தொடர்பாக அப்பாவின் பெயருக்கு அழைப்பாணை வந்தது. விற்ற தேதியை மெய்ப்பிக்க அலைந்த அலைச்சல் கொஞ்சமன்று. விற்பவர் தாமே உடன் சென்று பெயர் மாற்றத்தை முடித்து, புதிய ஆர்.சி.யின் நகலைக் கையில் வாங்கிக்கொள்வதே பாதுகாப்பு. கடனில் வாங்கிய வண்டியாக இருந்தால், படிவம் 35 கொடுத்துக் கடன் குறிப்பு நீக்கப்பட்டிருக்கிறதா என்று வாங்குபவரும் பார்க்க வேண்டும். 2022 ஏப்ரலில், பதினைந்து ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்துவிட்டதால், பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டு ஆன காரை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குபவர்கள் அதையும் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஆல்டோவில் எனக்குக் கிடைத்த பாடங்களில் முதலாவது டைமிங் பெல்ட். இயந்திரத்தின் மேல் தண்டையும் கீழ்த் தண்டையும் இணைத்து ஓட்டும் ரப்பர் பட்டை அது. ஓடிய கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும் ரப்பருக்கு வயது ஏறுகிறது. அறுந்தால் வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடும். சில வகை இயந்திரங்களில் வால்வுகளும் வளைந்துவிடும். பழைய ஆல்டோவை வாங்குபவர்கள், பெல்ட் மாற்றிய ரசீது இல்லையென்றால், மாற்றப்படவில்லை என்றே கொண்டு முதல் வாரத்திலேயே மாற்றிவிடுவது நல்லது. 2010-இல் வந்த கே10-இன் 998 சிசி இயந்திரத்தில் பெல்ட்டுக்குப் பதிலாக இரும்புச் சங்கிலி வந்துவிட்டதால் இந்தக் கவலை பெரும்பாலும் நீங்கியது. சங்கிலி நெடுநாள் உழைக்க ஆயிலைக் காலத்தில் மாற்ற வேண்டும்.

இரண்டாவது பாடம், நகரத்துக்குள் ஓடும் சிறிய காருக்கே உரியது. வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டரில் இருந்த அலுவலகத்துக்கு மட்டும் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில், கிலோமீட்டர் கணக்குப்படி ஆயில் மாற்ற நேரம் வரவில்லையே என்று ஓர் ஆண்டுக்கு மேல் விட்டிருந்தேன். குறுந்தூர ஓட்டத்தில் இயந்திரம் முழுச் சூட்டை எட்டுவதே இல்லை. எரியாத பெட்ரோலும் நீராவியும் ஆயிலில் கலக்கின்றன, சைலன்ஸருக்குள் நீர் தங்கித் துருவாகிறது, பேட்டரியும் நிறைவதில்லை. ஆயிலை மாற்றும் காலத்தை மாதக் கணக்கில் வைத்துக்கொண்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது நாற்பது நிமிடம் நிற்காமல் ஓட்டுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். அதன்பின் பேட்டரி நான்கு ஆண்டுக்கு மேல் உழைத்தது.

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரைபுரண்டபோது நாங்கள் ஜாஃபர்கான்பேட்டையில் இருந்தோம். தெருவில் நின்ற ஆல்டோவின் இருக்கை வரை தண்ணீர் ஏறி, இரண்டு நாள் நின்றது. வடிந்தவுடன் சாவியைப் போட்டுப் பார்க்கத்தான் எல்லாருக்கும் கை பரபரத்தது. தஞ்சாவூர் பாய்க்குத் தொலைபேசி கிடைத்தபோது அவர் சொன்ன முதல் வார்த்தை, "சாவியத் தொடாதீங்க" என்பதுதான். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், காற்றைப் போல அது அமுங்காது; பிஸ்டன் மேலெழும்போது தடைபட்டுக் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரியின் எதிர் முனை வயரைக் கழற்றிவிட்டு, வண்டியை இழுவை வாகனத்தில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். பிளக்குகளைக் கழற்றி இயந்திரத்தைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை இருமுறை மாற்றி, இயந்திரத்தின் கணினியான ஈசியூவின் இணைப்புகளை உலர்த்திய பின்னரே ஸ்டார்ட் செய்தார்கள், இயந்திரம் பிழைத்தது. எங்கள் தெருவில் ஸ்டார்ட் செய்து பார்த்த ஒருவருக்கு ராடு வளைந்து, வெள்ளத்துக்குப் பின் இயக்கியதால் ஏற்பட்ட சேதம் என்ற காரணத்தால் காப்பீட்டுத் தொகையும் கிடைக்கவில்லை. தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் காப்பீட்டில் இயந்திரப் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவையும் சேர்த்துக்கொள்வது, அதற்குக் கொடுக்கும் தொகைக்குத் தகும்.

ஆனாலும் அடுத்த மாதங்களில் ஒவ்வொரு வயர் இணைப்பாகப் பச்சை பூத்தது. ஒரு நாள் ஹார்ன், ஒரு நாள் கண்ணாடி, ஒரு நாள் எரிபொருள் பம்ப். 2016-இல், வெள்ளத்தில் நின்ற வண்டி என்பதை மறைக்காமல் சொல்லிக் குறைந்த விலைக்குக் கொடுத்தேன். எல்லாரும் சொல்லமாட்டார்கள். பழைய காரைப் பார்க்கும்போது சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் வண்டி நீரில் நின்றிருக்கிறது. இருக்கையின் அடியிலுள்ள போல்ட்டுகளின் துரு, ஸ்பேர் டயர்க் குழியில் படிந்த வண்டல், கண்ணாடிகளை மூடிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் எழும் பூஞ்சை வாடை ஆகியவற்றை எந்தப் பாலிஷாலும் எளிதில் மறைக்க முடியாது.

மூன்றாவதாக வந்த கே10-இல் கிளட்ச் பெடல் கிடையாது. 2014 நவம்பரில் இந்தக் காருக்கு வந்த ஆட்டோ கியர், விலையுயர்ந்த கார்களின் ஆட்டோமேட்டிக் போன்றதன்று. உள்ளே இருப்பது அதே சாதாரண கியர்பெட்டி, அதே கிளட்ச்; நம் இடது காலின் வேலையையும் கையின் வேலையையும் ஒரு கருவி செய்கிறது. அதனால்தான் இவ்வளவு விலை குறைந்த காரிலும் அதைக் கொடுக்க முடிந்தது. இதை அறியாமல் நான் மேம்பால ஏற்றங்களில் பிரேக்கை விட்டு, ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்தே வண்டியைப் பின்னால் உருளாமல் நிறுத்தி வைத்தேன். ஒவ்வொரு முறையும் கிளட்ச் தட்டு பாதி பற்றிய நிலையில் தேய்ந்து எரிந்தது. கருகல் வாடையை வெளியிலிருந்து வருவதாக நினைத்தேன். 38,000 கிலோமீட்டரில் கிளட்ச் மாற்ற வேண்டியதாயிற்று. ஏற்றத்தில் பிரேக்கிலோ கை பிரேக்கிலோதான் நிற்க வேண்டும். சிக்னலில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்க நேர்ந்தால் நியூட்ரலுக்கு மாற்ற வேண்டும். கியர் மாறும் கணத்தில் ஆக்சிலரேட்டரைச் சற்றுத் தளர்த்தினால் அந்தக் குலுக்கலும் குறையும். இப்படி ஓட்டத் தொடங்கியபின், இரண்டாவது கிளட்ச் அந்தக் காரை நாங்கள் கொடுக்கும்வரை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அந்தக் காரைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நான் வாங்கியபோது ஓட்டுநருக்கான காற்றுப்பை விருப்பத் தேர்வாகக் கிடைத்தது. அதற்குரிய கூடுதல் தொகையைக் கொடுக்காமல், அதே அளவுத் தொகையைப் பாட்டுக் கருவிக்கும் இருக்கை உறைகளுக்கும் கொடுத்தேன். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 2014 ஜனவரியில், குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவின் ஐந்து சிறிய கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்து, காற்றுப்பை இல்லாத ஆல்டோ 800 உட்பட ஐந்துக்கும் பெரியவர்களின் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூடக் கொடுக்கவில்லை என்ற செய்தியை நான் படித்திருந்தேன். படித்தும், ஊருக்குள் ஓட்டும் கார்தானே என்று நினைத்தேன். அந்தக் காரில் என் மகள் எட்டு ஆண்டு முன்னிருக்கையில் அமர்ந்து பள்ளிக்கும் கல்லூரிக்கும் வந்தாள். விபத்து எதுவும் நேரவில்லை. அது என் திறமையால் அன்று. சிறிய காரில் பணம் தட்டுப்பட்டால் அலங்காரத்தை விட்டுவிடலாம், பின்னாளில் வெளியே வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். காற்றுப்பையை அப்படிப் பின்னாளில் பொருத்த முடியாது.

அதன்பின் சட்டம் நம்மைவிட வேகமாக நகர்ந்தது. 2019-இல், திடீர் பிரேக்கில் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், ஓட்டுநர் காற்றுப்பை, சீட் பெல்ட் நினைவூட்டி ஆகியவை கட்டாயமாயின. மோதல் சோதனைக்கான விதிகளும் நடைமுறைக்கு வந்தன. 2022 ஆகஸ்ட்டில் வந்த புதிய கே10 வேறு அடித்தளத்தில் கட்டப்பட்டது. 2023-இல் அதே அமைப்பு அதைச் சோதித்தபோது பெரியவர்களுக்கு இரண்டு நட்சத்திரம் கிடைத்தது. குழந்தைகளுக்கு ஒன்றும் இல்லை. முன்னேற்றம்தான், போதுமான முன்னேற்றம் என்று நான் சொல்லமாட்டேன். 2025 மார்ச்சில் ஆறு காற்றுப்பைகள் எல்லா வகைகளிலும் வந்துவிட்டன. செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களின் ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்து, மேல்வரியும் நீங்கியது. அடுத்த மாதமே மகளுக்கு வாங்கினோம். காற்றுப்பை என்பது சீட் பெல்ட்டுக்குத் துணையே ஒழிய மாற்று அன்று என்பதையும், மார்புக்கும் ஸ்டீயரிங்குக்கும் இடையே ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலாகவாவது, அதாவது 25 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இடைவெளி வேண்டும் என்பதையும், பின்னிருக்கையில் இருப்பவர் பெல்ட் போடாவிட்டால் மோதலில் முன்னிருக்கைக்காரர் மீது வந்து விழுவார் என்பதையும் அவளிடம் சொன்னேன்.

எரிபொருளும் இதற்கிடையே மாறிவிட்டது. இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில், எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால், லிட்டருக்கான ஆற்றல் கணக்குப்படி ஆறேழு விழுக்காடு குறைகிறது. 2023-க்குப் பின் வந்த கார்கள் அதைத் தாங்கும்படியே செய்யப்பட்டவை. பழைய 800-ஐயோ ஆல்டோவையோ இன்னும் அன்போடு ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், பெட்ரோல் செல்லும் ரப்பர் குழாய்கள் இறுகியோ வெடித்தோ இருக்கின்றனவா என்று ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்ல வேண்டும். பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாடை வந்தால் அன்றே மாற்ற வேண்டும்.

புதிய கார் வந்த வாரத்தில் அப்பா அந்தக் கணக்கு நோட்டை எடுத்து என் மகளிடம் கொடுத்தார். 1996-லிருந்து நிரப்பிய ஒவ்வொரு லிட்டரும் அதில் இருக்கிறது. இரண்டு நோட்டுகள் தைத்து ஒட்டப்பட்டிருக்கின்றன. அவள் பக்கங்களைப் புரட்டிவிட்டு, நான்காவது பத்தி மட்டும் 2006-க்குப் பிறகு ஏன் வெறுமையாக இருக்கிறது என்று கேட்டாள். பாயிண்ட், டேப்பட் என்றால் என்ன என்று தாத்தா விளக்க அரைமணி நேரம் ஆயிற்று. பிறகு அவள் காரைச் சுற்றி வந்து, ஐந்து டயர்களின் பக்கவாட்டிலும் உள்ள நான்கு இலக்கங்களைப் படித்தாள். முதல் இரண்டு இலக்கம் தயாரான வாரத்தையும் கடைசி இரண்டு ஆண்டையும் காட்டும் என்று நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். நான்காவது பத்தியின் தலைப்பை ஒரு கோடிட்டு அடித்துவிட்டு, அதன் மேல் 'டயர் காற்று' என்று எழுதி, கதவுத் தூணில் ஒட்டியிருந்த அளவைப் பார்த்து முதல் வரியை நிரப்பினாள்.